கல்லாய் நிற்கும் காவலர்

நம் சங்கத்துக் குடும்பங்களில் திருவேங்கடமலையைத் தொழாத குடும்பம் அரிது. பிழைப்பு நாடி எத்துணைத் தொலைவு சென்று குடியேறினும், குழந்தைக்கு முடி இறக்குதற்கும், நேர்ந்துகொண்ட காணிக்கையைச் செலுத்துதற்கும் நம்மவர் காட்பாடியிலோ அரக்கோணத்திலோ வண்டி மாறித் திருப்பதி வந்து சேர்கின்றனர். வழிபாடு முடிந்ததும் பிரசாதப் பையும் கையுமாக ஊர் திரும்புகின்றனர். இடையிலுள்ள சித்தூர்ச் சீமை, வண்டியின் சன்னலுக்கு வெளியே ஓடி மறையும் பாறைக் குன்றுகளாகவும் மாந்தோப்புகளாகவுமே அவர்கள் நினைவில் நிற்கின்றது. அக்குன்றுகளின் அடிவாரங்களிலும், ஏரிக்கரைகளிலும், ஊர் எல்லைகளிலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வீரர் சிலர் நின்றுகொண்டிருக்கின்றனர். அவர்களை அன்பர்களுக்கு அறிமுகம் செய்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் வரலாற்றுப் பேராசிரியர் அல்லோம். மெட்ரிகுலேஷனோடு கல்வியை நிறுத்திக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதும் எழுத்தர். ஆயினும், பாஸ் கிடைக்கும் பணியில் இருப்பவனுக்கு ஊர் சுற்றும் ஆசை வருவது இயல்பன்றோ? ஓய்வு நாட்களில் காட்பாடி, சித்தூர், பாகாலா, சந்திரகிரி, திருப்பதி, ரேணிகுண்டா, காளத்தி என்று இப்பாதையில் இறங்கி இறங்கிப் பார்த்தவற்றையும், பெரியோர் நூல்களிற் படித்தறிந்தவற்றையும் இங்கே தொகுத்துரைக்கின்றோம்.

இதனை எழுதத் தூண்டிய காரணம் ஒன்று உண்டு. நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகள், இரும்புக் கவசம் பூண்டு, நெடிய ஈட்டி ஏந்திக் குதிரைமேல் வரும் ஐரோப்பிய வீரனைப் படக்கதைகளிலும் திரைப்படங்களிலும் கண்டு நன்கறிவர். ஆங்கிலத்தில் 'நைட்' எனப்படும் அவனது கேடயத்தில் என்ன சின்னம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். "நம் நாட்டில் இப்படி யாரும் இருந்ததில்லையா?" என்று அவர்கள் கேட்டால் நம்மில் எத்துணைப் பேர் விடை கூற வல்லோம்?

மேல்நாட்டுப் படங்கள்

முதலில் அந்த ஐரோப்பிய வீரனையே சற்று நோக்குவோம். பிரான்சு நாட்டுப் பாயோ நகரில் பேணப்பட்டுவந்த பூவேலைத் துணி ஒன்று உலகப் புகழ் பெற்றது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுடையது. 1066இல் நார்மன் படை இங்கிலாந்தை வென்ற கதை அதில் நூலால் தீட்டப்பட்டுள்ளது. இரும்பு வளையச் சட்டை அணிந்த குதிரைவீரரை அதிற் காணலாம். பின்னர்த் தலைக்கவசம் முகத்தையே மூடத் தொடங்கிற்று. முகம் மறைந்தால் தன்னவன் யார், மாற்றான் யார் என்று தெரிவது எவ்வாறு? அதன் பொருட்டே கேடயத்திலும் கொடியிலும் குடிச் சின்னம் தீட்டும் வழக்கம் 12ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட மானெஸ்ஸே ஏட்டில் 137 படங்கள் உள்ளன. கவிபாடும் பிரபுக்களும் வீரரும் தத்தம் சின்னங்களுடன் அவற்றில் விளங்குகின்றனர்.

இறந்த வீரனுக்குத் தேவாலயத்தினுள்ளே கல்லில் உருச் செய்து கிடத்துவதும் அங்கே வழக்கம். கவசத்தோடு மல்லாந்து படுத்திருப்பான். இரு கைகளும் மார்பின்மீது கூப்பியிருக்கும். காலடியில் நாயோ சிங்கமோ படுத்திருக்கும். 1513இல் ஜெர்மானிய ஓவியர் டியூரர், சாவும் பேயும் இரு மருங்கும் தொடர, அவற்றைத் திரும்பியும் பாராமற் செல்லும் குதிரைவீரன் ஒருவனைச் செப்புத் தகட்டிற் செதுக்கி அச்சிட்டார். துப்பாக்கியும் பீரங்கியும் வந்தபின் கவச வீரனுக்குப் போர்க்களத்தில் வேலை குறைந்தது. 1605இல் செர்வாண்டிஸ் அவனை நகைச்சுவைக்கு உரியவனாக்கி 'தோன் கிகோத்தே' என்னும் கதையை எழுதினார். ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஓவியர் அவனை மீண்டும் உயிர்ப்பித்து, பெண்டிரைக் காக்கும் பெருந்தகையாளனாகத் தீட்டினர். நம் பிள்ளைகள் படக்கதையிற் காணும் வீரன் பெரிதும் இந்த 19ஆம் நூற்றாண்டுக் கற்பனையின் பேரனே ஆவான்.

நம் நாட்டு நடுகல்

நிற்க. நம் நாட்டிற்கு வருவோம். போரில் மாண்டவனுக்குக் கல் நடுதல் தமிழர்தம் தொன்மையான வழக்கம். அதற்குரிய கல்லைக் காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகின்றது. 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்தனர். அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலைக் குறிப்பிடுகின்றது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் காலக் கற்களைத் தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத் துறை தொகுத்து 1972இல் தனி நூலாகவே வெளியிட்டது.

தொண்டை நாட்டு நடுகல்லின் அமைப்பு எளிமையானது. ஒரு பலகைக் கல். அதில் புடைப்பாகச் செதுக்கிய ஒரே ஓர் ஆள். இடக்கையில் வில், வலக்கையில் வாள். தலைமுடியை ஒருபுறமாக அள்ளி முடிந்திருப்பான். முன்னோக்கிப் பாயும் நிலையில் கால்கள் மடங்கியிருக்கும். மார்பிலும் தொடையிலும் அம்புகள் தைத்து நிற்கும். கவசம் இல்லை, குதிரையும் இல்லை. சில கற்களில் காலருகே மீட்கப்பட்ட மாடுகள் நிற்கும். சிலவற்றில் கெண்டியும் சிமிழும் இருக்கும். மேற்கே கன்னட நாட்டை அணுக அணுகக் கல் அடுக்கடுக்காகப் பிரியும். கீழடுக்கில் போர், நடு அடுக்கில் தேவமகளிர் வீரனை வானுலகிற்கு ஏந்திச் செல்லும் காட்சி, மேலடுக்கில் சிவலிங்கத்தின் முன் அவன் அமர்ந்திருத்தல்.

ஐரோப்பிய வீரனை அடையாளங் காட்டுவது அவன் குடிச் சின்னம். நம் வீரனை அடையாளங் காட்டுவது கல்லின் மேற்புறத்துச் சில வரிகளே. இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்ன ஊர் மாட்டை இன்னார் கவர, அதனை மீட்டுப் பட்டான் இன்னான் மகன் இன்னான் என்பதே அவ்வரிகளின் பொதுவான செய்தி. காட்பாடிக்கு மேற்கேயுள்ள ஆம்பூரில், நிருபதுங்க பல்லவனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கற்கள் உள்ளன. நுளம்பர் படை அவ்வூர் மாடுகளைக் கவர வந்தபோது எதிர்நின்று மாண்டோரின் நினைவாக எழுந்தவை அவை. மேல்நாட்டில் குதிரையும் கவசமும் வாங்க வல்ல செல்வர்க்கே வீரன் என்னும் பட்டமும் கல்லுருவும் கிட்டின. இங்கோ, மாடு மேய்த்தவனும் ஊர்க்காவல் புரிந்தவனும் கூடக் கல்லில் ஏறினர்.

மனிதர் மட்டுமோ? திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல்லொன்றில் வீரனுக்கு அருகே அவனுடைய நாயும் நிற்கின்றது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்த அந்நாயின் பெயர் கோவிவன் என்று எழுதியும் வைத்தனர். ஐரோப்பியக் கல்லறையில் வீரனின் காலடியில் கிடக்கும் நாய்களுள் பெயர் பெற்றவை மிகச் சிலவே!

சித்தூர்ச் சீமையில்

சித்தூர்ப் பகுதி பண்டு தொட்டே எல்லை நிலம். தெற்கே பல்லவரும் சோழரும், மேற்கே கங்கரும் நுளம்பரும், இடையே வாணரும் வைதும்பரும் மாறி மாறிப் பொருத மண் இது. 9ஆம் நூற்றாண்டில் வாணரும் வைதும்பரும் ஓரணியாகவும், நுளம்பரும் கங்கரும் எதிரணியாகவும் நின்று சோரெமடி என்னுமிடத்திற் போரிட்டனர். அதில் மடிந்தோரின் பெயர்களை இந்த வட்டாரத்துக் கற்கள் பல தாங்கி நிற்கின்றன. புங்கனூர், பலமனேர்ப் பக்கங்களில் இத்தகைய வீரக்கற்களை ஊர்தோறும் காணலாம். எழுத்து சிலவற்றில் தமிழ், சிலவற்றில் தெலுங்கு, சிலவற்றில் கன்னடம். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. அலுவலகங்களில் வரைபடங்கள் மாறின; கற்களோ நட்ட இடத்திலேயே நிற்கின்றன.

பலமனேர் சாலையிலிருந்து பிரியும் சிற்றூர் ஒன்றில், ஏரிக்கரைப் புளியமரத்தடியில் அத்தகைய கல் ஒன்றை யாம் கண்டோம். முழங்கால் வரை மண்ணில் புதைந்திருந்தது. முகமெல்லாம் எண்ணெயும் மஞ்சளும் பூசியிருந்தமையால் எழுத்துகள் தூர்ந்துபோயின. அருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவளை, "இவர் யார் அவ்வா?" என்று கேட்டோம்.

"பேரு யாருக்குத் தெரியும் நாயனா? மாடு கன்னைக் காப்பாத்துற சாமி. பொங்கலுக்கு மாடுங்களை இங்கே ஓட்டியாந்து காட்டிட்டுத்தான் கூட்டிப்போவோம்" என்றாள் அவள், தெலுங்கும் தமிழும் கலந்த அவ்வூர்ப் பேச்சில்.

மாட்டை மீட்டு மாண்டவன் பெயர் மறைந்துபோயிற்று. அவன் செய்த தொழில் மறையவில்லை. ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் அவ்வூர் மாடுகளுக்கு அவனே காவல். தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கங்களில் இவ்வாறே நடுகல் வீரர் வேடியப்பன் என்னும் பெயரில் வழிபடப்படுகின்றனர்.

தக்கோலமும் காளத்தியும்

அரக்கோணத்திலிருந்து செங்கற்பட்டு செல்லும் பாதையில் தக்கோலம் என்றொரு நிலையம் உண்டு. அங்கு இறங்குவோர் மிகுதியில்லை. 949இல் சோழ இளவரசன் இராசாதித்தன், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் படையோடு பொருது, யானைமேல் இருந்தபடியே உயிர் நீத்த களம் அதுவே. "ஆனைமேல் துஞ்சின உடையார்" என்று பின்னோர் அவனைக் குறித்தனர். அவனைக் கொன்ற கங்க மன்னன் பூதுகனின் புகழ், மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் நட்ட கல்லிற் பொறிக்கப்பட்டது. அக்கல் இன்று பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

அக்கல்வெட்டை முதலிற் படித்தோர், பூதுகன் வஞ்சகமாகக் கொன்றான் என்று பொருள் கொண்டனர். பின்னர் வந்த அறிஞர் அவ்வரியைத் திருத்திப் படித்து, யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கிக் கொன்றான் என்பதே பொருள் எனத் தெளிவித்தனர். எழுத்தைப் பிழையறப் படித்தபோது மறைந்த மனிதன் ஒருவன் பழியினின்று நீங்கினான்! இன்னொரு வியப்பும் அக்கல்லில் உண்டு. பூதுகனின் வீரன் மணலேரன், தன் தீரத்திற்குப் பரிசாக அரசனிடம் கேட்டுப் பெற்றது காளி என்னும் வேட்டை நாயை. அந்நாய் பெருங் காட்டுப்பன்றியோடு பொருது இரண்டும் மாண்டன. கல்லில் செதுக்கப்பட்டிருப்பது அந்நாயும் பன்றியும் பொரும் காட்சியே.

இராசாதித்தனின் பாட்டன் முதலாம் ஆதித்தன் காளத்திக்கு அருகிலுள்ள தொண்டைமானாட்டில் மறைந்தவன். அவன் மகன் பராந்தகன் அவ்விடத்தே தந்தையின் நினைவாகச் சிவன் கோயில் எடுத்தான். அரசனுக்குப் பள்ளிப்படைக் கோயில். ஆயனுக்குப் பலகைக் கல். அளவிற் பெரிதும் வேறுபடினும், "இவனை மறவாதீர்" என்று இரண்டும் சொல்வது ஒன்றே.

குதிரை வந்த காலம்

நடுகற்களில் பெரும்பாலும் காலாளையே கண்டோம். 16ஆம் நூற்றாண்டுக் கோயில் மண்டபங்களிலோ குதிரைவீரர் கூட்டம் கூட்டமாகத் தோன்றுகின்றனர். காட்பாடியில் இறங்கிப் பாலாற்றைக் கடந்தால் வேலூர்க் கோட்டை. அதனுள்ளிருக்கும் சலகண்டேசுவரர் கோயிற் கலியாண மண்டபத்துத் தூண்களில், முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகள் மேலும் யாளிகள் மேலும் வீரர் அமர்ந்துள்ளனர். திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்துக் குதிரைவீரரும் இவ்வகையினரே.

இம்மாற்றத்திற்குக் காரணம் யாது? தென்னாட்டுத் தட்பவெப்பம் நல்ல போர்க்குதிரை வளர்ப்புக்கு ஏற்றதன்று. அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கப்பலேற்றியே குதிரைகளைக் கொணர்ந்தனர். முதலில் அரபு வணிகரும், பின்னர்க் கோவாவைக் கைப்பற்றிய போர்த்துகீசியரும் விற்ற குதிரைகளை விசயநகர வேந்தர் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர். படையின் வலிமை குதிரையாயிற்று. சிற்பியின் உளியும் குதிரையை நாடிற்று.

அவ்விசயநகரப் பேரரசின் புகழ்மிக்க போர்வீரன் கிருட்டிணதேவராயன். 1509 முதல் 1529 வரை ஆண்ட அவன், திருமலைக்கு ஏழு முறை வந்து வழிபட்டான். முதல் வருகை 1513இல். டியூரர் தம் குதிரைவீரனைச் செதுக்கிய அதே ஆண்டு! திருமலைக் கோயிலின் மகாதுவாரத்தைக் கடந்தவுடனே உள்ள மண்டபத்தில் அவனும் தேவியர் திருமலாதேவியும் சின்னாதேவியும் உலோகப் படிமங்களாக நிற்கின்றனர். தரிசன வரிசையின் நெரிசலில் நம்மவருட் பெரும்பாலோர் அவர்களைக் காணாமலே சென்றுவிடுகின்றனர். அடுத்த முறை அங்கே ஒரு நொடி கண்ணைத் திருப்புங்கள். கலிங்கம் வரை படை நடத்திய அம்மன்னன் கையில் வாள் இல்லை. உடலில் கவசம் இல்லை. உயர்ந்த குல்லாய் அணிந்து, இரு கைகளையும் கூப்பி நிற்கின்றான். மேல்நாட்டுக் கல்லறை வீரனும் கை கூப்பியே கிடக்கின்றான் என்று முன்னர்க் கூறினோம். கடல்கள் பல இடையே கிடப்பினும், வீரனின் இறுதித் தோற்றம் எது என்பதில் இரு நாட்டுச் சிற்பியரும் ஒன்றுபட்டமை எண்ணி மகிழத்தக்கது.

இன்றும் உயிரோடு

வீரரைச் சித்திரிக்கும் கலை இங்கே அற்றுப்போகவில்லை. காளத்தியில் கலம்காரி ஓவியர், கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில், இரும்பும் வெல்லமும் ஊறிய கறுப்பு மையை மூங்கில் எழுதுகோலால் தொட்டுப் பாரதப் போரைத் தீட்டுகின்றனர். நலிந்திருந்த இத்தொழிலுக்கு 1957இல் அங்கே பயிற்சி நிலையம் ஏற்பட்டது. அதன் பின்னணியில் கமலாதேவி சட்டோபாத்தியாயர் முயற்சி இருந்தது. வேனிற் காலத்தில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடைபெறும். தோளில் கட்டையும் தலையில் கிரீடமும் தாங்கி, விடிய விடிய ஆடுவர். இறுதி நாளில் மண்ணாற் செய்த பேருருவான துரியோதனன் களத்தில் மல்லாந்து கிடப்பான். தமிழ்ப் பேசுவோரும் தெலுங்குப் பேசுவோரும் சுற்றி நின்று அவன் வீழ்ச்சியைக் காண்பர்.

இத்துணையும் கூறியபின், மற்றொரு பக்கத்தையும் மறைத்தல் கூடாது. மீட்டவனுக்குக் கல் நட்டனர் எனின், கவர்ந்தவனும் ஓர் ஊரின் வீரனே. அவன் இறந்தால் அவனுக்கும் கல் நட்டனர். இறந்த கணவனோடு தீயிற் புகுந்த பெண்களுக்கும் கல் உண்டு. வளையணிந்த கையொன்று உயர்ந்து நிற்பது அதன் அடையாளம். அக்கையைக் காணும்போது பெருமிதத்தினும் துயரமே மிகுகின்றது. ஐரோப்பிய வீரரும் ஏழைகளின் வயலை எரித்தவரே என்பதை அவர்தம் அழகிய ஓவியங்கள் சொல்லா. ஆதலின் பிள்ளைகளுக்கு இவற்றைக் காட்டும்போது, "வெட்டினான், குத்தினான்" என்று சொல்வதோடு நில்லாமல், "யாருக்காக நின்றான்?" என்று கேட்கப் பழக்குதல் நலம். தன் மாட்டுக்காக அன்றி ஊர் மாட்டுக்காக நின்றவன் என்பதே நடுகல் வீரனின் உயர்வு.

நாம் செய்யத்தக்கது

ஊரிலேயே வாழ்பவனுக்குக் கல்லைப் பற்றிச் சொல்லப் பாட்டி இருக்கின்றாள். ஊரை விட்டு வந்த நமக்கோ, நம் பிள்ளைகளுக்கோ அவ்வாய்ப்பு இல்லை. நம் ஊர் எல்லையில் நிற்பவன் யார் என்று சொல்லும் கடைசித் தலைமுறை நாமாகவே இருத்தல் கூடும். சாலையை அகலப்படுத்தும்போதும், ஏரி மதகைப் புதுப்பிக்கும்போதும், பழங்கல் என்று பெயர்த்து எறியப்படுவன பல. துவைகல்லாகவும் வாயிற்படியாகவும் கிடப்பவற்றை யாமே கண்டுள்ளோம். அக்கல்லில் உள்ள பெயர் வேறு எந்த ஏட்டிலும் இல்லை. கல் போயின், அம்மனிதன் மீண்டும் ஒரு முறை இறந்தவனாவான்.

ஆகவே அன்பர்களிடம் நாம் வேண்டுவன சில. அடுத்த விடுமுறையில் சொந்த ஊர் செல்லும்போது, எல்லையிலும் ஏரிக்கரையிலும் உள்ள கற்களைப் பிள்ளைகளோடு சென்று பாருங்கள். எழுத்து இருப்பின் அதன்மீது சுண்ணாம்போ வண்ணமோ பூசாதீர். பூசுவோரையும் அன்பாகத் தடுத்துரையுங்கள். எழுத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டா. காலையிலோ மாலையிலோ சாய்வெயில் விழும் நேரத்தில் நிழற்படம் எடுத்தால் எழுத்துகள் தாமே எழுந்து தோன்றும். படத்தையும் இடத்தின் பெயரையும் தாசில்தார்க்கோ, தொல்லியல் துறைக்கோ, மாவட்ட அருங்காட்சியகத்திற்கோ அனுப்புங்கள். ஊரின் முதியோர் அக்கல்லைப் பற்றிக் கூறுவதைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். திருப்பதி செல்வோர் ஒரு பகலைக் கூடுதலாக ஒதுக்கினால் வேலூர் மண்டபத்தையோ, சந்திரகிரிக் கோட்டை இராஜ மஹாலில் உள்ள அருங்காட்சியகத்தையோ பார்த்து வரலாம். காட்பாடியிலிருந்து திருப்பதி செல்லும் பாதை முன்னாளில் மீட்டர்ப் பாதை. இன்று அகலப் பாதை. சந்திரகிரி நிலையம் அவ்வழியிலேயே உள்ளது.

பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தேடி ஐரோப்பா வரை செல்ல வேண்டுவதில்லை. நம் ஊருக்குச் செல்லும் வண்டியில் ஏறினாற் போதும்.